பெய்தால் பாடம், விட்டால் நடை

மூன்றாவது வளைவைத் தாண்டிய பிறகும் மாமாவின் குரல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கங்காணி வேலை பார்த்தவருடைய தொண்டை அது. இந்த மலையில் நின்று கத்தினால் அடுத்த மலையில் கொழுந்து பறிக்கிற கை வேகமெடுக்கும்.

"போ! நல்லா போ! போற வழியில நட்டு வச்சிருக்கிற போர்டுல ஒண்ணாச்சும் என்னான்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அதனால்தான் போய்க்கொண்டிருந்தேன்.

தோளில் ஒரு பை. அதற்குள் சாரம், மாற்றுச் சட்டை, கொழும்பில் வாங்கிய குடை. குடைக்குக் கம்பி இருந்தது, துணிதான் பாதி இல்லை. சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி, பொலித்தீன் பையில் சுற்றிய லைசென்ஸ் பரீட்சைப் புத்தகம். கோபத்தில் கிளம்புகிறவன் அதை வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் வீசவில்லை. கிளம்புவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எதை விட்டுவிட்டு வந்தால் பிறகு வருத்தப்படுவோம் என்று கை தானாகவே தெரிந்துகொள்ளும்.

பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். பிறகு கொழும்பில் சாப்பாட்டுக் கடை, நுவரெலியாவில் மரக்கறித் தோட்டம், கினிகத்தேனையில் கல் உடைக்கிற இடம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தேன். எல்லா இடத்திலும் சோறு போட்டார்கள். எந்த இடத்திலும் பாயைச் சுருட்டாமல் வைத்திருக்க மனசு வரவில்லை. ஆனால் ஓட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்கும். ஓட்டுகிறவன் ஒரே இடத்தில் உட்கார்ந்தும் இருக்கலாம், போய்க்கொண்டும் இருக்கலாம்.

வட்டவளைப் பக்கம், மாமா வீடு இருக்கிற லயத்து வீட்டு வரிசையின் கோடியில், நீலப் படங்கு போர்த்திய ஆட்டோ ஒன்று நின்றது. மாமா வேலையிலிருந்து நின்றபோது வாங்கியது. அவருக்கு முழங்கால் மடங்காது, ஓட்ட முடியாது. ஓட்ட ஆள் வேண்டும், லைசென்ஸோடு வேண்டும். எழுத்துப் பரீட்சையில் நான் ஏற்கெனவே ஒரு தடவை கவிழ்ந்திருந்தேன். அடுத்ததிலும் கவிழ்ந்தால் ஆட்டோ, அவர் மகளைக் கட்டிக் கொழும்பில் இருக்கிற மருமகனுக்கு. அதுதான் பேச்சு. எனக்கு அந்த ஆட்டோ வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பாஸாக்கிவிடுவது என்று மாமா தீர்மானித்து, என்னைத் தன் லயத்து அறையிலேயே, அந்தக் காம்பராவிலேயே, உட்கார வைத்தார். அவருக்கு உழைப்பு என்றால் தெரிந்தது ஒரே முறைதான். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதற்குப் பெரட்டு என்று பெயர். குனிந்த முதுகு நிமிராமல் நாள் முழுக்கப் பறித்தால் ஒரு பேர் விழும், அதாவது ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். படிப்பையும் அவர் அதே கணக்கில் கொண்டுவந்தார். விடிந்ததும் எனக்கு மட்டும் பெரட்டு. சுவரைப் பார்த்துப் போட்ட மேசை. பின்னால் நாற்காலியில் மாமா. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, "நிமிராத! நிமிராத! அரைப் பேருதான் போடுவேன்!"

அத்தை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார்.

"மலையில நிக்கிறவளுக்கே தேத்தண்ணி குடிக்க விடுறாங்க. இவன என்னா ஆணியடிச்சா வச்சிருக்கீங்க?"

"படிப்புன்னா ஒரே மூச்சா படிக்கணும்."

"கிள்ளுன செடியையே மறுநாளும் போயிக் கிள்ளுனா என்னா வரும்? காம்புதான் வரும். நாலு நாள் விட்டாத்தான் துளிரு."

"மண்டையும் தேயிலைச் செடியும் ஒண்ணாடி?"

"ஒங்க மண்டையச் சொல்லலீங்க. அது கவ்வாத்து வெட்டி விட்ட மல மாதிரி இருக்கு."

மாமாவுக்கு முன் தலையில் முடி இல்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் அத்தையைத் திரும்பிப் பார்க்காமல் சாப்பிட்டார்.

நான் உட்கார்ந்தேன், உண்மையாகவே உட்கார்ந்தேன். சிவப்பு வட்டம், சிவப்பு முக்கோணம், நீல வட்டம். முதல் ஒரு மணி நேரம் வட்டம் வட்டமாகவும் முக்கோணம் முக்கோணமாகவும் இருக்கும். மத்தியானத்துக்குள் எல்லாம் சேர்ந்து கூட்டுக்கறி ஆகிவிடும். பொழுது சாயும்போது மாமா புத்தகத்தை வாங்கி, விரலால் எழுத்தை மறைத்துப் படத்தைக் காட்டிக் கேட்பார். ஒரு நாள் மாட்டின் படத்தைக் காட்டினார். முன்னால் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று சொன்னேன்.

"மாட்டப் பாத்து இஸ்கூலுங்கிறான்!"

"நம்ம தோட்டத்து இஸ்கூல் வாசல்ல மாடுதானே நிக்குது. பாத்ததச் சொல்றான்" என்றார் அத்தை அடுப்படியிலிருந்து.

என்னைக் கவிழ்த்தது இன்னொரு கேள்வி. முதல் பரீட்சையிலும் அதுதான் கவிழ்த்தது. ஒடுக்கமான மலைப்பாதையில் ஒரு வாகனம் ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, யார் நின்று வழிவிட வேண்டும்? நான் இரண்டு தடவையும் சின்ன வாகனம் என்றேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். தோட்டத்து ரோட்டில் தோட்டத்தை நடத்துகிற துரையின் ஜீப் வந்தால் ஆட்டோ ஓரத்துத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கும். கொழுந்து லொறி வந்தால் மோட்டார் சைக்கிள் தேயிலைக்குள் போகும். பிறந்ததிலிருந்து பார்த்த சட்டம் அது. புத்தகமோ, இறங்குகிறவன் நிற்க வேண்டும், ஏறுகிறவனுக்குத்தான் வழி என்கிறது. துரை இறங்கினாலும் அப்படித்தானா என்று கேட்டேன். மாமா பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் அது நெஞ்சில் ஒட்டவில்லை.

"புத்தகத்துல இருக்கிறதப் படி. தொரையப் பத்திப் புத்தகத்துல இல்ல."

மறுநாள் காலைப் பெரட்டில் கேட்டபோதும் சின்ன வாகனம் என்றுதான் வாயில் வந்தது. அப்போதுதான் மாமா, அந்தக் கிழமையின் ஏழு நாளுக்கும் எனக்கு அரைப் பேர் என்று அறிவித்தார்.

"அரைப் பேருக்கு நான் எதுக்கு மாமா முழு நாள் ஒக்காரணும்?"

"படியெறங்குனா ஆட்டோ மருமகனுக்கு!"

இறங்கினேன். பரீட்சைக்கு இன்னும் ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

நாலாவது வளைவில் மாமாவின் குரல் நின்றது. மழை பிடித்துக்கொண்டது. வட்டவளை மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அது ஒரேயடியாகப் பெய்து தொலைக்காது. வரும், கொஞ்சம் பேசும், எழுந்து போகும், செருப்பை மறந்துவிட்டேன் என்று திரும்ப வரும். பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஓடினேன். உள்ளே ஒரு ஆடு இருந்தது. அது என்னைப் பார்த்துவிட்டு இடம் விடவில்லை.

செய்ய வேறு வேலை இல்லாததால் புத்தகத்தை எடுத்தேன். ஒரே பக்கம். முந்திச் செல்லக் கூடாது, திரும்பக் கூடாது, ஹோர்ன் அடிக்கக் கூடாது. நான்காவதைப் பார்ப்பதற்குள் மழை விட்டுவிட்டது. புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் செருகினேன். செருகியவுடன் கழுத்துத் தானாகத் திரும்பிப் பின்னால் பார்த்தது. பாதியில் நிமிர்கிறவனை யாராவது அதட்ட வேண்டுமே. யாரும் இல்லை. ஆடு மட்டும்தான், அதுவும் மென்றுகொண்டிருந்தது.

நடந்தேன். நடக்கும்போது படிப்பைப் பற்றி நினைக்கவே இல்லை. வழுக்காமல் கால் வைப்பதைப் பற்றியும், அத்தை கொழும்பு மருமகனுக்கு எப்படியும் ஆட்டோ கொடுக்க விடமாட்டார் என்றும், விட்டுவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். அதற்குள் மழை மறுபடி வந்தது. இந்த முறை கொழுந்து நிறுக்கிற கொட்டகை. இரண்டு பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்றார்கள். நான் புத்தகத்தை எடுத்ததும் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, மழைக்குள்ள பரீட்சையா?"

"லைசென்ஸ் பரீட்சை."

"எங்க, இத என்னான்னு சொல்லுங்க பாப்போம்." ஆடு இருந்த இடத்தில் படித்த பக்கத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

மூன்றையும் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஒரு கிழமை மேசையில் அழுத்தி உட்கார்ந்து வராதது, ஆட்டின் பக்கத்தில் நின்று வந்திருக்கிறது.

"ஹோர்ன் அடிக்கக் கூடாதாம்டி" என்றாள் மற்றவள். "எங்க வீட்டு மனுசன் வாயிலயும் இத ஒட்டிவிடணும்."

"அண்ணே, பாஸானா எங்க ரெண்டு பேரயும் ஹட்டனுக்குக் கூட்டிப் போவீங்களா?"

"பாஸாகட்டும்."

"பாத்தியா, இப்பவே பிரேக் போடுறாரு."

அங்கே இன்னும் மூன்றைப் படித்தேன். மழை விட்டது, அவர்கள் மலைக்கு ஏறினார்கள், நான் ரோட்டில் இறங்கினேன். அதற்கப்புறம் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. பெய்தால் பாடம், விட்டால் நடை. ஒவ்வொரு கூரைக்குள் நுழைந்ததும் முதலில் முந்திய கூரையில் படித்ததை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், பிறகுதான் புதிது. ரோட்டோரப் பிள்ளையார் ஒருவருக்கு ஒரு தகரத்துண்டுதான் கூரை. ஒரு ஆளுக்குத்தான் இடம், அதில் ஏற்கெனவே அவர் இருந்தார். அவருடைய தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நின்று, ஏறுகிறவன் இறங்குகிறவன் கேள்வியைப் படித்தேன். எனக்கு முன்னால் ரோடு ஒரே ஏற்றமாக இருந்தது. மேலேயிருந்து மழைத்தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு ஒரு ஆள் மூச்சு வாங்க ஏறி வந்தான். இறங்கி வந்த ஒருவன், அவன் ஏறி முடிக்கட்டும் என்று ஓரமாக நின்றான். பாரத்தோடு ஏறுகிறவன் நின்றால் மறுபடி கால் எடுப்பது கஷ்டம். புத்தகம் சொன்னதும் இதைத்தான். இத்தனை நாள் அந்தக் கேள்வியில் எனக்குத் துரைதான் தெரிந்தார், ஏற்றம் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் இப்படியே நடந்தது என்று சொன்னால் பொய். கீழே ஒரு பூட்டிய கடையின் இறவாரத்தில் நின்றபோது மழை விடவே இல்லை. நானும் விடாமல் படித்தேன். கொஞ்ச நேரத்தில் முக்கோணங்கள் பழையபடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. காலையில் தெரிந்தவைகூடக் கலங்கின. மாமா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சரி, மழை விடாவிட்டால் நான்தான் விட வேண்டும் என்று புத்தகத்தை மூடிவிட்டு, கூரையிலிருந்து விழுகிற தண்ணீரில் கால் கழுவினேன். இரண்டு காலும் சுத்தமானபோது முக்கோணங்களும் கீழே இறங்கியிருந்தன.

பெரிய ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பேக்கரி ஒன்றின் முன்னால், ரொட்டி விற்கிற பாண் ஆட்டோ நின்றது. பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, மேலே ஒலிபெருக்கி. லயம் லயமாகப் போகிற வண்டி. அதன் பாட்டு இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும், யாருடைய பாட்டு என்றுதான் யாருக்கும் தெரியாது. வண்டிக்காரர் கினிகத்தேனைச் சிங்களவர். பிளேன்டீ குடித்துக்கொண்டு, தட்டுகளைத் தனியாகத் துடைத்து, தனியாகத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டைப் பிடித்துக் கொடுத்தேன்.

"என்னாடி, வேல தேடுறியா?" என்றார் தமிழில்.

அவருடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அவர் எங்கும் உட்கார்ந்து படிக்கவில்லை. லயத்துக்கு லயம் நிறுத்தி, பாண் கொடுத்து, ஒரு லயத்தில் ஒரு சொல் என்று பொறுக்கியது. பாண் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுகிற தமிழ்தான் அவருக்குக் கிடைத்தது. அதனால் ஆண் பிள்ளைகளையும் "டி" போட்டுத்தான் பேசுவார். யாரும் திருத்தவில்லை. திருத்தினால் பாண் வாங்குகிற நேரத்து வேடிக்கை போய்விடும்.

"கூட இருந்த ஆளு?" என்று கேட்டேன்.

"கொழும்பு போயிருச்சு."

"ஏன்?"

அவர் பிளேன்டீயை ஊதினார். ஊதுகிற அளவுக்கு அதில் சூடு இல்லை.

"எந்தெந்த லயம்?"

சொன்னார். மூன்றாவதாகச் சொன்னது மாமாவின் லயம். நான் இன்னும் ஹட்டனுக்கு நடக்கலாம். அங்கே வேலை கிடைக்கும், எனக்கு எங்கும் கிடைக்கும். ஆனால் கொழும்பு மருமகன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போவதை என்னால் ஹட்டனிலிருந்து பார்க்க முடியாது. அதோடு ஒரு விஷயம் கேட்க வேண்டியிருந்தது.

"லயத்துக்கு லயம் எவ்வளவு தூரம்?"

"ரெண்டு பாட்டு, மூணு பாட்டு தூரம்."

"போற வழியில நான் படிச்சா கோவிப்பீங்களா?"

"படி. பாட்டு போட்டா மூடு. பாண் குடு. பொறகு படி." நான் கேட்க நினைத்த ஏற்பாட்டை அவரே சொல்லிவிட்டார்.

அன்றிரவு பேக்கரிக்குள் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். பாண் சுடுகிற போரணையின் சூடு சுவர் வழியாக முதுகுக்கு வந்தது. உடுப்பு காய்ந்தது. அதைவிட நல்ல படுக்கையில் எத்தனையோ நாள் மோசமாகத் தூங்கியிருக்கிறேன்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. ஆட்டோ ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறும்போது நான் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு படம் பார்ப்பேன். பாட்டுப் போடுவார், மூடுவேன். முதல் லயத்தில் எல்லாரும் பாண் கேட்டார்கள். இரண்டாவது லயத்தில் எல்லாருக்கும் மீன் போட்ட மாலுபாண். திரும்ப ஏறியதும் பழையதை ஒரு தடவை சொல்லி, புதியதைத் திறப்பேன். மாட்டின் படம் மாட்டின் படமாகவே இருந்தது.

மாமாவின் லயத்துக்கு முந்திய ஏற்றத்தில், மேலேயிருந்து துரையின் ஜீப் இறங்கியது.

"துரை, துரை!" வண்டிக்காரர் பிரேக்கைப் பிடித்தார்.

"நிக்காதீங்க. நாங்கதான் ஏறுறோம். அவருதான் நிக்கணும்."

"அப்புடியா? நீ எறங்கு, போய்ச் சொல்லிட்டு வாடி."

நான் இறங்கவில்லை. அவர் பின்னால் உருட்டி, காணுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கினார். ஜீப் போனது. பெட்டிக்குள் பாண் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டன. இறங்கித் தள்ளினேன். தள்ளிக்கொண்டே மேலே பார்த்தால், லயத்து முனையில் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பாட்டு முழங்க உள்ளே போனோம். முதலில் அத்தைதான் வந்தார்.

"ராத்திரி சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அத்தை."

"எங்க படுத்த?"

"போரணைப் பக்கம்."

"அதான் மூஞ்சி வெந்துருக்கு. ரெண்டு பாண் குடு. சாஞ்சது வேணாம், நேரா இருக்கிறதக் குடு."

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்காமல், பெட்டியின் மேல் கிடந்த புத்தகத்தை எடுத்தார். விரலால் எழுத்தை மறைத்தார்.

"இது?"

"முன்னால ஒடுங்கின பாலம்." ஒரு பெண்ணுக்கு மாலுபாண் சுற்றிக் கொடுத்தேன்.

"இது?"

"வழுக்கும் ரோடு. அக்கா, ஒங்களுக்கு எத்தன?"

"இது?"

"மாடு மாமா. சத்தியமா மாடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா பக்கத்தைப் புரட்டினார். எங்கே வருகிறார் என்று தெரிந்தது. பாண் எடுக்கிற கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் யோசனை வரும்.

"ஒடுக்கமான மலப்பாத. ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. யாருடா நிக்கணும்?"

"எறங்குறவரு நிக்கணும். ஏறுறவரு பாரத்தோட வர்றாரு."

"தொரையா இருந்தாலும்?"

"தொரையா இருந்தாலும்."

"அப்ப இப்ப ஏன்டா பின்னால போயி காணுல விழுந்தீங்க?"

"மாமா, அது பாஸாகிறதுக்கு. இது பாண் விக்கிறதுக்கு."

வண்டிக்காரர்தான் முதலில் சிரித்தார், ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி. மாமா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக ஒரு மாலுபாணை எடுத்துக் கடித்தார். அது சூடாக இருந்தது, அவருக்குக் கண் கலங்கியது.

"மருமகனுக்குப் பேசிட்டீங்களா மாமா?"

"எங்க பேசுனாரு?" என்றார் அத்தை. "நேத்து சாயங்காலத்துல இருந்து சிக்னல் இல்ல, சிக்னல் இல்லன்னுட்டு போனக் கையில வச்சிக்கிட்டுத் திரியிறாரு."

"வாய மூடுடி." மாமா புத்தகத்தை என் சட்டைப் பக்கம் நீட்டினார். "பரீட்ச முடியட்டும். அது வரைக்கும் படங்கு கழட்ட மாட்டேன். ஒனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல."

"இன்னிக்கு எனக்கு அரைப் பேரா மாமா?"

அவர் பழக்கத்தில் வானத்தைப் பார்த்தார். "பொழுதே ஏறல. அதுக்குள்ள என்னாடா பேரு? சாயங்காலமும் இந்த வண்டி வருமில்ல?"

வரும் என்றேன்.

வண்டி திரும்பியது. நான் பெட்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, முதலில் பழைய இரண்டு படத்தையும் வாய்க்குள் சொல்லி, புதிய பக்கத்தைத் திறந்தேன். வண்டிக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அடுத்த லயத்துல பெரிய நாய் ஒண்ணு இருக்கு" என்றார். "ஆட்டோ நிக்கிறதுக்கு முன்னாலயே வந்துரும். மொதல்ல நீதான் எறங்கணும்."

முன்னால் இருந்த ஆள் ஏன் கொழும்புக்குப் போனான் என்று அப்போது விளங்கியது. மேலே ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கியது. புத்தகத்தை மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, துணியில்லாத குடையைக் கையில் எடுத்தேன்.